பதினொன்று முதல் பன்னிரண்டு வரை

ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆய்வாளர் கையில் கடிகாரத்துடன் நிற்கிறார். கீழே ஊரின் பிரதான சாலை, நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். அதைக் கடந்து போகிறவர்கள் வழியில் எத்தனை முறை நின்றார்கள் என்று ஆள் ஆளாகக் கோடு போட்டுக்கொண்டு வருகிறார். நூறு பேர் கணக்குக்கு வந்தார்கள். 68 ஆண்களில் 39 பேர் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்றிருந்தார்கள். எங்கும் நிற்காமல் போன ஆண்கள் ஆறே பேர். 32 பெண்களில் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்றவர்கள் மூன்று பேர்தான். 12 பேர் ஓரிடத்திலும் நிற்கவில்லை. இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். நூறு ஆண்களில் 88 பேரிடம் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ இல்லை. அந்த 88 பேரில் 31 பேருக்கு வீட்டில் கடிகாரம் இருந்தது. எடுத்துக்கொண்டு வரத் தோன்றவில்லை.

அந்த ஊர் மரியந்தால், வியன்னாவுக்குத் தென்கிழக்கே ஃபிஷா ஆற்றங்கரையில் இருக்கிறது. காலம் 1930களின் தொடக்கம். 1830-இல் அங்கே ஒரு நூற்பாலை வந்தது. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. நூறு ஆண்டுகளாக ஊரும் ஆலையும் ஒன்றாகவே இருந்தன. 1929 கோடையில் நூற்பு நின்றது. அடுத்தடுத்த மாதங்களில் ஒவ்வொரு பிரிவாக மூடி, 1930 பிப்ரவரியில் நெசவும் நின்றது. பிறகு கட்டடத்தையே இடிக்கத் தொடங்கினார்கள். தாங்கள் வேலை பார்த்த இடம் செங்கல் குவியலாகவும் நசுங்கிய கொதிகலனாகவும் கிடப்பதைத் தொழிலாளர்கள் தங்கள் வீட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 478 குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் அரசின் உதவித்தொகையை நம்பி நின்றன. அந்தத் தொகையும் நிரந்தரமானதில்லை. ஒரு கெடு முடிந்தால் குறையும், அடுத்த கெடு முடிந்தால் நின்றுபோகும்.

மாற்றத்தை எதிர்கொள்ளும் மனவலிமை பற்றி இன்று அலுவலகங்களில் பயிற்சி வகுப்பு நடக்கிறது. வேலை போனவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள், நேர்மறையாக யோசிக்கச் சொல்கிறார்கள். வீட்டிலும் நாம் சொல்வது அதுதான்: மனசைத் தேத்திக்கோ, திடமா இரு. மனவலிமை என்பது அவரவருக்குள் ஒரு பெட்டியில் இருப்பதுபோலவும், பூட்டைத் திறந்தால் கிடைத்துவிடும் என்பதுபோலவும் பேசுகிறோம். மரியந்தாலைப் பற்றிப் படித்த பிறகு என்னால் அப்படிப் பேச முடியவில்லை. ஒருவருடைய மனவலிமையில் பெரும்பகுதி அவருக்கு வெளியே இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுந்து போக ஒரு நேரம், போய்ச் சேர ஓர் இடம், ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க நாலு பேர் ஆகியவை அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. மாற்றம் வரும்போது முதலில் சரிவது இவைதான். உள்ளே இருப்பது சரிவது அதற்குப் பிறகுதான்.

இந்த ஆய்வு நடந்த விதமே கவனிக்க வேண்டியது. வியன்னாவில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய இளம் குழுவினரும் முதலில் தொழிலாளரின் ஓய்வுநேரத்தைப் பற்றித்தான் ஆராய நினைத்தார்கள். ஊரெல்லாம் வேலையின்றித் தவிக்கும்போது ஓய்வுநேரத்தையா ஆராய்வது, வேலையின்மையை ஆராயுங்கள் என்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஒட்டோ பௌவர் திருப்பிவிட்டார். 1931 இறுதியில் குழு மரியந்தாலுக்குப் போனது. வேடிக்கை பார்ப்பவராக யாரும் ஊருக்குள் நுழையக் கூடாது, ஊருக்குப் பயன்படும் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். வியன்னாவில் சுமார் 200 துணிமணிகளைச் சேகரித்து, சுத்தம் செய்து, தைத்துச் சரிபண்ணிக் கொண்டுபோனார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்காக லோட்டே டான்ஸிங்கர் என்ற இளம்பெண் நூறு வீடுகளுக்குப் போனார். மருத்துவர் வந்து உட்கார்ந்தார். பெண்களுக்குத் தையல் வகுப்பும் சிறுமிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பும் நடந்தன. இப்படிச் சேர்ந்த தாள்களின் எடை சுமார் 30 கிலோ. அவற்றைப் படித்து நூலாக எழுதியவர் மரி யஹோடா. அப்போது அவருக்கு 25 வயதுதான். லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் ஸைசலும் உடன் உழைத்தார்கள். 1933-இல் லைப்சிகில் நூல் வெளிவந்தபோது முகப்பில் மூவர் பெயரும் இல்லை. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்ட ஆண்டு அது, மூவரும் யூதர்கள்.

நூலில் ஒரு தாள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஊராரிடம் ஒரு நாளை மணிக்கணக்காகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். முப்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். காலையில் எழுந்தது, பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பியது, விறகும் தண்ணீரும் எடுத்து வந்தது வரை ஓரளவு ஓடுகிறது. ஒன்பதிலிருந்து பத்துக்கு எதிரே, இன்றைக்கு என்ன சமைப்பது என்று மனைவி கேட்பார், அந்தக் கேள்விக்குத் தப்பி வயல் பக்கம் போய்விட்டேன் என்று இருக்கிறது. அடுத்த மணி நேரத்துக்கு, அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது என்ற கருத்தில் ஒரு வரி. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது.

மறைக்க எதுவும் இருந்ததால் அதை அவர் காலியாக விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு நினைவில் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டும் எதுவும் அதில் நடக்கவில்லை. இவரைப் போன்றவர்களின் மனைவிமார், செய்ய ஒரு வேலையும் இல்லாதவர் சாப்பாட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வருவதில்லை என்று குறைபட்டுக்கொண்டார்கள். பெண்களுக்கு அப்படிக் காலி மணி கிடையாது. கையில் இருந்த பணம் குறையக் குறைய ஒட்டுப்போட்ட துணியும் கூடியது, மூட்டிய அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்ளும் பாடும் கூடியது. ஆனால் அவர்களில் பலர் ஆலைக்குத் திரும்பவே ஆசைப்பட்டார்கள். அங்கே வேலை முடிந்து வந்து நள்ளிரவு வரை வீட்டுவேலை பார்த்த காலத்தை நினைத்துக்கொண்டே அப்படிச் சொன்னார்கள். காசு முதல் காரணம், ஆனால் அது மட்டுமே காரணமில்லை. நாலு சுவருக்கு வெளியே நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

நேரம் தாராளமாகக் கிடைத்தது, ஆனால் அந்த நேரத்தைக் கொண்டு யாரும் எதுவும் செய்யவில்லை. இது ஆய்வாளர்களே எதிர்பாராதது. ஆலைக்கு எதிரே முன்பு அழகாகப் பராமரிக்கப்பட்ட பூங்கா இப்போது புதர் மண்டிக் கிடந்தது. களை பிடுங்க ஊரே சும்மா இருந்தும் ஒருவரும் கை வைக்கவில்லை. தொழிலாளர் நூலகத்தில் இரவல் கட்டணத்தையே ரத்துசெய்துவிட்டார்கள். அப்படியும் 1929-க்கும் 1931-க்கும் இடையில் எடுத்துச் சென்ற புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அரசியல் செறிந்த ‘அர்பைட்டர் ட்ஸைட்டுங்’ நாளேட்டின் சந்தாக்கள் 60 விழுக்காடு விழுந்தன. படமும் கதையுமாக வந்த சிறிய நாளேடு இழந்தது 27 விழுக்காடுதான். உதவித்தொகை வாங்குகிறவர் கூலிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது என்று சட்டம் இருந்தது. மரம் வெட்ட உதவிப் பதிலுக்கு விறகு வாங்கியவருக்கு உதவித்தொகை நின்றது. ஆக, அக்கம்பக்கத்தாரைப் பற்றி அதிகாரிகளுக்கு மொட்டைக் கடிதம் போடுவது ஆலை மூடிய பிறகு ஏறத்தாழ மூன்று மடங்கானது. அவற்றில் பெரும்பாலானவை பொய்ப்புகார்கள்.

குழந்தைகளிடம் கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அந்தப் பொருட்களின் விலையைக் கூட்டிப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளின் ஆசை சராசரியாக 36 ஷில்லிங் வந்தது, மரியந்தால் பிள்ளைகளுடையது 12. அதையும் ‘பெற்றோரிடம் காசு இருந்தால்’ என்ற பாவனையில்தான் எழுதியிருந்தார்கள். மாற்றத்தின் அடி ஆசைப்படும் திறனிலேயே விழுகிறது என்பதற்கு இதைவிடச் சிறிய, கனத்த சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த ஆய்வை அழிவின் கதையாக மட்டும் படிப்பதும் தவறு. நேரில் போய்ப் பார்த்த நூறு குடும்பங்களை ஆய்வாளர்கள் நான்காகப் பிரித்தார்கள். உடையாமல் நின்றவை 16. இருப்பதோடு அமைந்துபோனவை 48. அவற்றில் வீடு சுத்தமாக இருக்கும், பிள்ளைகள் கவனிக்கப்படுவார்கள், நாளையைப் பற்றிய திட்டம் மட்டும் இருக்காது. மனமொடிந்து கசந்தவை 11. எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டவை 25. அந்தப் பதினாறு குடும்பங்கள் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தன, நாளைக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தன. இவர்களிடம் இருந்த மனவலிமை என்ன, அதை எப்படி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். ஆய்வாளர்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தார்கள். உடையாதவர்களின் வீட்டில் ஒரு பெரியவருக்கு மாதம் 34 ஷில்லிங் கிடைத்தது. அமைந்துபோனவர்களுக்கு 30. கசந்தவர்களுக்கு 25. கைவிட்டவர்களுக்கு 19.

படிக்கட்டில் இறங்குவதுபோல இறங்கும் இந்த நான்கு எண்களைத் தாண்டிக்கொண்டு மனவலிமை பற்றி யாரும் பேசக் கூடாது. நம்பிக்கைக்கும் அமைதலுக்கும் நடுவே நின்றது நான்கு ஷில்லிங். அதற்காகப் பணம்தான் எல்லாம் என்றும் நூல் சொல்லவில்லை. வேலை போவதற்கு முன் அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதும் கணக்கில் வந்தது. நன்றாக வாழ்ந்தவர்களில் சிலர் நெடுநாள் தாக்குப்பிடித்தார்கள், சிலர் ஒரேயடியாகச் சரிந்தார்கள். ஆனால் உதவித்தொகை கெடுவுக்குக் கெடு குறைந்துகொண்டே போன ஊரில், ஒரு வீடு மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு நகர அதிக காலம் ஆகாது என்பதை ஆய்வாளர்கள் தெளிவாகவே கண்டார்கள்.

யஹோடாவின் வாழ்க்கையே பிறகு ஒரு பெரும் மாற்றமாகிவிட்டது. ஆஸ்திரியாவின் சர்வாதிகார ஆட்சி 1936-இல் தலைமறைவு அரசியலுக்காக அவரைச் சிறையிலடைத்தது. அடுத்த ஆண்டு, நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் வெளியே விட்டது. இங்கிலாந்து போனவர் வேல்ஸின் சுரங்கப் பகுதியில், வேலையிழந்தவர்கள் கூலியின்றித் தங்களுக்காகவே பொருட்களை உற்பத்தி செய்துகொண்ட ஒரு கூட்டமைப்பை ஆராய்ந்தார். அங்கே நேரத்துக்கு ஒழுங்கும் பழகத் துணையும் திரும்பக் கிடைப்பதைப் பார்த்தார். ஆனால் கூலி வேலையில் கிடைத்த மதிப்பு அதில் முழுதாகக் கிடைக்கவில்லை, இளைஞர்களை அது இழுக்கவும் இல்லை. திட்டத்தை நடத்தியவர் யஹோடாவுக்கு உதவி செய்தவர். ஆய்வறிக்கை அவர் மனதைப் புண்படுத்தும் என்பதால் அதை யஹோடா வெளியிடாமலே வைத்திருந்தார். 1987-இல்தான் அது அச்சேறியது. உண்மையைச் சொல்வதிலும் ஒரு மனிதரைக் காயப்படுத்தாமல் இருப்பதிலும் ஒரே அளவு அக்கறை கொண்ட ஆய்வாளரை நான் மதிக்கிறேன்.

1958-இல் அமெரிக்காவில் இருந்தபோது, மனநலம் என்றால் நோயில்லாத நிலை மட்டும்தானா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு சிறிய நூல் எழுதினார். தன்னைப் பற்றிய பார்வை, வளர்ச்சி, உள்ளே ஓர் ஒருங்கிணைவு, தன்னுரிமை, நடப்பை உள்ளபடி காணுதல், சுற்றுச்சூழலைக் கையாளும் ஆற்றல் என்று ஆறு அளவுகோல்களை முன்வைத்தார். கடைசி இரண்டையும் படிக்கும்போது மரியந்தால் நினைவுக்கு வராமல் இருக்காது. சுற்றுச்சூழலையே இடித்துத் தள்ளிவிட்டு, அதைக் கையாளும் ஆற்றலை ஒருவரிடம் எப்படி எதிர்பார்ப்பது? 1982-இல் வந்த நூலில் இன்னும் தெளிவாகப் பேசினார். சம்பளம் வேலையின் வெளிப்படையான பயன். அதற்கு அடியில் ஐந்து பயன்கள் நமக்குத் தெரியாமலே கிடைக்கின்றன: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர் பழக்கம், தன்னைவிடப் பெரிய ஒன்றில் பங்கு, சமூகத்தில் ஓர் இடம், உடலையும் மனதையும் இயங்கவைக்கும் கட்டாயம். வேலை போகும்போது ஐந்தும் சேர்ந்தே போகின்றன. வேலையைத் திட்டிக்கொண்டே செய்தவருக்கும் அப்படித்தான்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டேவிட் ஃபிரையர் போன்ற பிரிட்டிஷ் உளவியலாளர்கள், யஹோடா வறுமையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்று வாதிட்டார்கள். கையில் காசில்லாதவரால் நாளைக்குத் திட்டமிட முடியாது, திட்டமிட முடியாமை மனதை நசுக்குகிறது என்பது அவர்கள் பக்கம். 34-இலிருந்து 19 வரை இறங்கும் எண்களைப் பார்க்கும்போது அவர்கள் சொல்வதில் பாதியாவது சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் பூங்காவில் மண்டிய புதரை வறுமையைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. களை பிடுங்கக் காசு தேவையில்லை.

மீள்திறன் என்ற சொல்லைப் பரப்பிய ஆய்வுகளும் உண்மையில் வெளியேதான் கைகாட்டின. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சிதைவு என்று பல கேடுகளுக்கு நடுவே பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். இயல்பான சுபாவம் ஒரு காரணம். ஆனால் அவர்களுக்குப் பாட்டியோ ஆசிரியரோ, எப்போதும் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரும் இருந்தார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, பிறருக்குப் பயன்படும் ஒரு பொறுப்பும் இருந்தது.

கோயம்புத்தூரில் பெரியப்பா வேலை பார்த்த மில் 1990களில் நின்றபோது நான் பள்ளிப் பையன். மில் சங்கு ஊதாமல் போன பிறகும் அவர் காலை ஷிப்டு நேரத்துக்கு எழுந்துவிடுவார். குளித்து, சட்டை மாற்றி, மில் கேட்டுக்குப் போவார். கிராஜுவிட்டி, பி.எஃப். பற்றி எப்போதோ ஒட்டிய நோட்டீஸை மறுபடி படித்துவிட்டு டீக்கடைக்கு வருவார். மத்தியானம் வரை அங்கேதான். பெரியம்மா மாவரைத்து விற்க ஆரம்பித்தார். அவருக்கு நிற்க நேரமில்லை. மரியந்தால் சாலையில் நிற்காமல் போன பெண்களைப் பற்றிப் படித்தபோது தூக்குச்சட்டியோடு வேகமாக நடக்கும் பெரியம்மாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெருக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறை வரும், எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய பாடு. ஒருநாள் யாரோ பெரியப்பாவிடம், தண்ணி வந்தா ஒரு குரல் குடுங்கண்ணா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் ஒரு நோட்டு வாங்கினார். எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எவ்வளவு நேரம் வந்தது, எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்று எழுதினார். நூல் கோன் எண்ணிக்கை எழுதிப் பழகிய அதே குண்டுக் கையெழுத்து. பத்து நாளில் தண்ணீர் வரும் நேரத்தை ஓரளவு முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிட்டார். இராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் எழுந்து வீடு வீடாகத் தட்டுவார். வரிசையில் சண்டை வந்தால் நோட்டைக் காட்டுவார். டீக்கடையில் அவரைப் பார்ப்பது குறைந்தது. ஒரு பைசா வருமானமில்லை. மில் பாக்கிக்காகப் பெரியம்மா கண்ணீர் விட்டது நிற்கவும் இல்லை. வேல்ஸில் யஹோடா கண்டதும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நேரமும் துணையும் திரும்பி வந்தன. கூலி வரவில்லை, அதன் வலியும் போகவில்லை.

மரியந்தாலுக்கு ஒரு மறுபக்கம் பின்னால் வந்தது. இப்போது அந்த ஊர் கிராமாட்நாய்சீடில் நகராட்சிக்குள் இருக்கிறது. 2020 அக்டோபரில் கீழ் ஆஸ்திரிய மாநிலத்தின் வேலைவாய்ப்புத் துறை அங்கேயே ஒரு சோதனையைத் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையில்லாமல் இருந்த எவருக்கும் அது வேலை உறுதியளித்தது. முதலில் இரண்டு மாதத் தயாரிப்பு வகுப்பு, பிறகு ஒழுங்கான சம்பளத்துடன் வேலை. சேருவதும் சேராததும் அவரவர் விருப்பமாக இருந்தது. தச்சு, தோட்டம், பழைய கட்டடங்களைப் புதுப்பித்தல் என்று ஊருக்குத் தேவையானவற்றையும் ஆளுக்குத் தெரிந்தவற்றையும் பொருத்தி வேலைகளை அமைத்தார்கள். பொருளியலாளர்கள் மாக்ஸிமிலியன் காசியும் லூக்காஸ் லேனரும் 62 பேரை இரண்டு அணியாகப் பிரித்து, முந்திச் சேர்ந்தவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வருமானமும் பாதுகாப்பும் கூடியது எதிர்பார்த்ததுதான். நாளின் ஒழுங்கு, சமூகப் பழக்கம், தானும் ஒரு கூட்டு முயற்சியில் இருக்கிறோம் என்ற உணர்வு ஆகியவையும் கூடியிருந்தன. யஹோடா பட்டியலிட்டவற்றையே அவர்கள் அளந்து பார்த்திருந்தார்கள். உடல்நலத்தில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாடு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று காட்டுவது நேர்மையாகாது.

நம்மூரில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த நூறு நாள் வேலையை இந்தக் கண்ணோடு யாரும் முழுமையாக ஆராய்ந்து நான் பார்த்ததில்லை. தமிழகத்தில் அதில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், வயதானவர்களும் நிறைய. ஏரிக்கரை மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவைத்து அவர்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வேலையே செய்யாமல் கூலி வாங்குகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வீட்டில் மகன் மருமகளுக்கு நடுவே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டிக்கு, வேலை அட்டையில் தன் பெயர் இருப்பதும், காலையில் வருகைப் பதிவில் அதை வாய்விட்டுக் கூப்பிடுவதும் என்ன தருகிறது என்பதைக் கூலிக் கணக்கில் காண முடியாது. கூலி தாமதமாக வந்தால் அந்த மூதாட்டிக்கு என்ன ஆகும் என்பதை மரியந்தாலின் 19 ஷில்லிங் காட்டுகிறது.

பெரியப்பாவின் தெருவில் கடைசியில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு வந்தது. தெருக் குழாயைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி, அவருக்கும்தான். இரண்டு மூன்று வாரம் கழித்து நான் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார், மணி பதினொன்றுக்கு மேல் இருக்கும். நோட்டு ஜன்னல் கட்டையில் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா கேட் திறந்து வந்து, கையிலிருந்த ரேஷன் கார்டை அவர் மடியில் வைத்தார்.

“பாமாயில் எப்ப வருதுன்னே தெரிய மாட்டேங்குதுங்கண்ணா. கடைல ஒரு நடை கேட்டு, அந்த நோட்டுல எழுதி வைங்க. நம்ம தெருவுல எல்லாருக்கும் சொல்லோணும்.”

பெரியப்பா கார்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டி, பெரியம்மாவிடம் தன் வாட்ச் எங்கே என்று கேட்டார்.